பின்லாந்துக் குடும்பத்தோடு ஒரு பள்ளி ஆண்டு: எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு

ஏ.எஃப்.எஸ்., ரோட்டரி, ஒய்.எஃப்.யூ. போன்ற மாணவர் பரிமாற்ற அமைப்புகள் வழியாகப் பின்லாந்துக்குப் போகும் பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் பாதியில் போய் இறங்குவார்கள். அங்கே பள்ளி திறக்கும் நேரம் அது. மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ வரும் ஒரு சனிக்கிழமையோடு பள்ளி ஆண்டு முடியும். ஏ.எஃப்.எஸ்.ஸில் பெரும்பாலும் ஆண்டு முழுக்க ஒரே குடும்பம். ரோட்டரியில் சில மாதங்களுக்கு ஒரு வீடு என்று மாறுவது வழக்கம். எதுவானாலும் உங்களைத் தங்கவைக்கும் ஹோஸ்ட் குடும்பம் அறை வாடகைக்கு விடுபவர்கள் அல்ல. விரும்பித்தான் ஒரு பிள்ளையை வீட்டில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

போகிறவர்கள் முதலில் மனத்தில் ஏற்ற வேண்டியது ஒன்று உண்டு. நம் வீடுகளில் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்றால் "வேண்டாம்" என்போம். அவர்கள் மறுபடி கேட்பார்கள், மூன்றாவது முறை தட்டில் விழும். பின்லாந்தில் முதல் "வேண்டாம்" தான் முடிவான பதில். உங்கள் சொல்லை மதித்துப் பாத்திரத்தை மூடிவிடுவார்கள். பசி, குளிர், காய்ச்சல், வீட்டு ஏக்கம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று காத்திருந்தால், நீங்கள் தனிமை விரும்புகிறீர்கள் என்று நினைத்து விலகி நிற்பார்கள். அதுவும் மரியாதையால்தான். வந்தவர்களுக்கு முதல் இரண்டு மாதத்தில் ஏற்படும் சங்கடங்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

புறப்படும் முன்

90 நாளுக்கு மேல் தங்குவதால் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்குக் குடியிருப்பு அனுமதி தேவை. பின்லாந்துக் குடிவரவுத் துறையான மிக்ரியின் 'என்டர் ஃபின்லாந்து' இணையதளத்தில் விண்ணப்பித்து, பிறகு நேரில் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம் இல்லாமல் வேலை நகராது. விண்ணப்பத்திலேயே பின்லாந்து அடையாள எண்ணையும் சேர்த்துக் கேட்கலாம். அதைத் தவறவிடாதீர்கள். பின்னால் மருத்துவமனை, வங்கி, பள்ளிப் பதிவு என்று எங்கே போனாலும் அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

பெட்டியில் குளிர்கால ஜாக்கெட்டை அடைக்க வேண்டாம். ஊரில் "ஸ்னோ ஜாக்கெட்" என்று விற்பது பெரும்பாலும் அந்தக் குளிருக்குப் போதாது. அக்டோபர் வரை ஒரு ஸ்வெட்டரும் மழைக் கோட்டும் போதும். அதற்குள் கிர்ப்புத்தோரி எனப்படும் பழைய பொருள் கடைகளில் நல்ல ஜாக்கெட்டும் பூட்ஸும் மலிவாகக் கிடைக்கும். பல குடும்பங்களில் மூத்த பிள்ளைகள் போட்டுச் சிறிதாகிப்போனவையே அலமாரியில் இருக்கும். கேளுங்கள்.

வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் ஆங்கிலத்தில் மருத்துவர் சீட்டு வேண்டும். பாராசிட்டமால்கூட அங்கே மருந்துக்கடையில் மட்டும்தான் கிடைக்கும், பலசரக்குக் கடையில் இல்லை. மின் அழுத்தம் 230 வோல்ட்தான். நம் இரண்டு முள் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படியே பொருந்தும், மூன்று முள் பிளக்குக்கு அடாப்டர் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோக அனுமதி இல்லை. நெய்யும் பால்கோவாவும் இதில் மாட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அரைத்த சாம்பார் பொடி, காய்ந்த மிளகாய், பெருங்காயம் எடுத்துப்போகலாம். பெருங்காயத்தை மட்டும் இரண்டு டப்பாவுக்குள் அடையுங்கள். இல்லாவிட்டால் பெட்டித் துணி மொத்தமும் ஆண்டு முழுக்க மணக்கும்.

முதல் மாலையில் கேட்டுவிட வேண்டியவை

களைப்பில் தூங்கப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேளுங்கள். இப்படி நேராகக் கேட்பதை அவர்கள் விரும்புவார்கள்.

1. உங்களை எப்படிக் கூப்பிடுவது? (பெரும்பாலும் வெறும் பெயர்தான். அம்மா அப்பா வயதுள்ளவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு நாக்கு கூசும். சில வாரத்தில் பழகிவிடும்.)
2. காலையில் குளியலறை யாருக்கு எந்த நேரம்?
3. ஃப்ரிட்ஜில் எதைக் கேட்காமல் எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது?
4. என் வேலை என்ன? வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தைக் காலி செய்வது, நாயை நடத்திப்போவது, சனிக்கிழமை வீடு கூட்டுவது போன்றவை.
5. துணி துவைப்பது யார், எந்த நாள்?
6. வெளியே போனால் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், யாருக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும்?
7. வைஃபை கடவுச்சொல், வீட்டுச் சாவி. சாவி தொலைந்தால் பூட்டையே மாற்ற நேரலாம், செலவு பெரிது. கழுத்துக் கயிற்றிலோ பையின் உள் ஜிப்பிலோ கட்டி வையுங்கள்.

வீட்டுக்குள்

செருப்பும் ஷூவும் வாசலோடு சரி. இதில் நமக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. கழிப்பறையிலும் நிம்மதிதான். கைப்பிடியோடு ஒரு சிறு நீர்க்குழாய் பெரும்பாலான வீடுகளில் வாஷ்பேசின் பக்கத்தில் தொங்கும். வாஷ்பேசின் குழாயைத் திறந்தால்தான் அதில் தண்ணீர் வரும். வேலை முடிந்ததும் குழாயை மூட மறந்தால் கைப்பிடிக்குள் அழுத்தம் ஏறி ஒழுகும். காகிதத்தைக் கழிப்பறைக் கோப்பைக்குள்ளேயே போட்டுத் தண்ணீர் விடலாம். வேறு எதையும் போடக்கூடாது.

குளித்து முடித்ததும் சுவரோரம் நிற்கும் நீண்ட பிடியுள்ள ரப்பர் துடைப்பத்தை எடுத்துத் தரைத் தண்ணீரை வடிகால் பக்கம் தள்ளுங்கள். சுவர்த் தண்ணீரையும் வழித்துவிட்டால் இன்னும் நல்லது. வீடுகள் குளிருக்காக இறுக்கமாகக் கட்டப்பட்டவை. தேங்கிய ஈரம் சுவருக்குள் போனால் பூஞ்சை பிடிக்கும், அதைச் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் யூரோ ஆகும். அதனால்தான் இந்த ஒரு பழக்கத்தில் அவர்கள் கண்டிப்பு. அரை மணி நேரக் குளியலும் வேண்டாம். தனி வீடுகளில் வெந்நீர்த் தொட்டி காலியானால் அடுத்தவருக்குக் குளிர்ந்த நீர்தான்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். வீட்டு வெப்பநிலை 20, 21 தான். குப்பியை வெந்நீரில் சிறிது நேரம் நிறுத்தினால் இளகும். எண்ணெய் வைத்த இரவு தலையணைமேல் பழைய துண்டை விரித்துக்கொள்ளுங்கள். ஈரத் தலையோடு குளிர்காலத்தில் வெளியே போனால் முடி விறைத்துக் குச்சியாகிவிடும்.

படுக்கையில் ஒவ்வொருவருக்கும் தனி ரஜாய், அதாவது தடித்த மெத்தைப் போர்வை. அதன் உறைக்குப் புஸ்ஸிலக்கனா என்று பெயர். அதன் மேல் மூலைகளில் கை நுழையும் ஓட்டைகள் இருக்கும். வெளியிலிருந்து அந்த ஓட்டைகளில் கை விட்டு, ரஜாயின் இரு மூலைகளைப் பிடித்து உள்ளே இழுத்து, இரண்டு உதறு உதறினால் ஒரு நிமிட வேலை. தெரியாதவர்கள் கால் மணி நேரம் உறைக்குள் தலையை விட்டுப் போராடுவார்கள்.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே உள்ள அலமாரியைத் திறந்தால் தட்டுகள் கம்பி அடுக்கில் நிற்கும். அடிப்பலகை கிடையாது, தண்ணீர் நேரே தொட்டியில் சொட்டும். 1940களில் மையு கெப்ஹார்த் என்ற பெண்மணி வீட்டு வேலையைக் குறைக்க முனைந்து உருவாக்கிப் பரப்பிய அமைப்பு இது. கழுவியதைத் துணியால் துடைக்க வேண்டியதில்லை, அங்கே செருகினால் போதும்.

குப்பையைப் பிரிப்பது கட்டாயம்: மக்கும் கழிவு, பிளாஸ்டிக், அட்டை, காகிதம், கண்ணாடி, உலோகம், மீதி. காலி பானப் புட்டிகளைத் தூக்கிப் போடாதீர்கள். கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அலுமினிய டின்னுக்கு 15 சென்ட், அரை லிட்டர் பிளாஸ்டிக் புட்டிக்கு 20 சென்ட், ஒரு லிட்டருக்கு மேற்பட்டதற்கு 40 சென்ட் திரும்ப வரும். டின்னை நசுக்கிவிட்டால் இயந்திரம் அதன் பார்கோடைப் படிக்காது, காசு கிடைக்காது.

சாப்பாடு

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். "நான் வெஜிடேரியன்" என்ற ஒரு சொல் போதாது. மீன் சாப்பிடுவீர்களா என்று அடுத்த கேள்வி வரும். முட்டை? ஜெலட்டின்? ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பொட்டலங்களில் எழுத்து ஃபின்னிஷிலும் ஸ்வீடிஷிலும்தான் இருக்கும். சில சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: நௌத்தா மாடு, சிக்கா பன்றி, கனா கோழி, கலா மீன், முனா முட்டை, லீவத்தே ஜெலட்டின். கொத்திய இறைச்சி பல சமயம் 'சிக்கா-நௌத்தா' கலவை. மாட்டிறைச்சியோ பன்றியோ தொடாதவர்கள் மீட்பால், மக்கரோனி கேசரோல், லசான்யா மூன்றையும் விசாரித்தே சாப்பிட வேண்டும். ஜெல்லி மிட்டாய்களில் பெரும்பாலும் லீவத்தே உண்டு.

நேரக் கணக்கும் வேறு. பள்ளியில் மதிய உணவு 11 மணியையொட்டி முடிந்துவிடும். பெற்றோர் நான்கு மணிவாக்கில் வேலை முடித்து வருவதால் வீட்டில் சூடான சாப்பாடு மாலை ஐந்து ஐந்தரைக்கு. அதுதான் இரவுச் சாப்பாடும். எட்டு மணிக்கு 'இல்த்தபலா' என்று ஒரு சிற்றுணவு உண்டு. ரொட்டி, யோகர்ட், ஓட்ஸ் கஞ்சி என்று அவரவர் எடுத்துச் சாப்பிட வேண்டியது. யாரும் கூப்பிட்டுப் பரிமாற மாட்டார்கள். ஒன்பது மணிக்கு நம்மூர் வழக்கப்படி சோறு வரும் என்று அறையில் காத்திருந்தால் பட்டினிதான்.

மேசையில் பாத்திரங்கள் நடுவே இருக்கும், தானே போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் கொஞ்சமாகப் போட்டு, பிடித்தால் மறுபடி போடுங்கள். தட்டில் மீதம் வைப்பது கண்ணை உறுத்தும். கம்பு மாதிரி கறுத்துப் புளிப்பேறிய ரை ரொட்டியில் வெண்ணெய் தடவிச் சாப்பிடுவார்கள். வெண்ணெய்க்கென்று பொதுவாக ஒரு மரக்கத்தி இருக்கும். சொந்தக் கத்தியை வெண்ணெய் டப்பாவுக்குள் விடக்கூடாது. சீஸ் கட்டியைச் சீவுளியால் மேல்பரப்பு முழுக்கச் சமமாகச் சீவ வேண்டும். நடுவில் மட்டும் சீவிப் பள்ளமாக்குவது வீட்டுக்கு வீடு சண்டை கிளப்பும் விஷயம். முடிந்ததும் 'கீத்தோஸ்' என்று நன்றி சொல்லி, தட்டை நீங்களே எடுத்துக் கழுவும் இயந்திரத்தில் வையுங்கள்.

உறைப்பும் புளிப்பும் இல்லாத உணவு சில வாரங்களில் சலிக்கும். பெரிய கடைகளில் பாசுமதி அரிசி கிடைக்கும். 'புவுரோரீஸி' என்ற அரிசியை வாங்கிவிடாதீர்கள், அது கஞ்சிக்கான குழையும் ரகம். இனிப்பில்லாத யோகர்ட் வாங்கினால் தயிர்சாதம் தயார். துருக்கி யோகர்ட் என்பது இன்னும் கெட்டி. சமைக்க ஆசைப்பட்டால் நாளை முன்பே சொல்லி அனுமதி கேளுங்கள். அடுப்பு பெரும்பாலும் இண்டக்‌ஷன் அல்லது கண்ணாடி மேற்பரப்புள்ள மின் அடுப்பு; பாத்திரத்தை அதன்மேல் தரதரவென்று இழுத்தால் கீறல் விழும். தாளிக்கும் முன் புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் ஓட விடுங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள், வாசலில் தொங்கும் கோட்டுகளை உள்ளறைக்கு மாற்றுங்கள். எண்ணெயை மிதமாகக் காயவைத்து, கடுகு போட்டதும் மூடி, வெடிப்பு அடங்கிய பிறகு அடுப்பை அணைத்துவிட்டு மிளகாயைப் போடுங்கள். கருகிய மிளகாய்ப் புகை எல்லோரையும் இருமவைக்கும், கூரையில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவியும் அலறும். முதல் முறை தோசையும் உருளைக்கிழங்கு மசாலாவும் நல்ல தேர்வு. உருளைக்கிழங்கு அவர்கள் அன்றாட உணவு, கை தயங்காது.

சவுனா

சவுனா என்பது சூட்டில் உட்கார்ந்து வியர்க்கும் குளியல் அறை. ஏறத்தாழ 56 லட்சம் மக்களுள்ள நாட்டில் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட சவுனாக்கள் இருக்கின்றன. 2020இல் யுனெஸ்கோ இந்த வழக்கத்தைப் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்த்தது. அங்கே ஆடையில்லாமல் உட்காருவது இயல்பு. அதில் பாலுணர்வுக்கு இடமே இல்லை, நம்மூர் ஆற்றுப் படித்துறைக் குளியல் போல உடலைத் தூய்மை செய்யும் இடம். ஆண்கள் ஒரு முறை, பெண்கள் ஒரு முறை என்று போவார்கள். கூச்சமாக இருந்தால் முதல் நாளே சொல்லுங்கள்: தனியாகப் போகிறேன், அல்லது துண்டு கட்டிக்கொள்கிறேன். இரண்டுக்கும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். போகாமலேகூட இருக்கலாம். ஆனாலும் ஒரு முறையாவது போய்ப் பார்க்கச் சொல்வோம். பேசாத வீட்டார் மனம் விட்டுப் பேசும் இடம் அதுதான்.

முதலில் உலோகம் எல்லாவற்றையும் கழற்றுங்கள்: சங்கிலி, தோடு, வெள்ளி அரைஞாண். 80 டிகிரியில் அவை தோலைச் சுடும். ஷவரில் குளித்துவிட்டு, உட்கார ஒரு சிறு துண்டோடு நுழைந்து கீழ்ப் படியில் உட்காருங்கள். சூடு மேலே ஏறும், ஆகவே மேல் பலகைதான் கடுமை. கல் அடுக்கிய அடுப்பின்மேல் தண்ணீர் ஊற்றும்போது கிளம்பும் நீராவிக்கு லொய்லு என்று பெயர். ஊற்றுமுன் மற்றவர்களைக் கேட்க வேண்டும், அரைக் கரண்டி போதும். தலை சுற்றினால் உடனே வெளியே வாருங்கள், சொல்லிக்கொள்ளத் தேவையில்லை. வெளியே ஆறி, தண்ணீர் குடித்து, விரும்பினால் மறுபடி போகலாம். சோப்புக் குளியல் கடைசியில். பொது நீச்சல் குளத்தில் விதி வேறு: சவுனாவுக்குள் நீச்சலுடை கூடாது, குளத்தில் இறங்கும் முன் அதில்லாமல் குளிக்கவும் வேண்டும்.

பள்ளி

சேர்வது பெரும்பாலும் லுக்கியோ எனும் மேல்நிலைப் பள்ளியில். ஆண்டை ஐந்தாறு பருவங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பருவத்திலும் நாலைந்து பாடம், கடைசியில் தேர்வு வாரம். மதிப்பெண் 4 முதல் 10 வரை, 4 என்றால் தோல்வி. பாடத் தேர்வுக்கு உதவுபவர் ஆலோசக ஆசிரியர். எல்லோரும் அவரை 'ஒப்போ' என்பார்கள். முதல் பருவத்தில் ஓவியம், இசை, உடற்பயிற்சி, ஆங்கிலம், கணிதம் என்று எடுப்பது புத்திசாலித்தனம். வரலாறும் உளவியலும் மொழி வந்த பிறகு பார்க்கலாம். வருகை, வீட்டுப்பாடம், செய்தி எல்லாம் வில்மா என்ற செயலியில். ஆசிரியரைப் பெயர் சொல்லியே அழைப்பார்கள். பள்ளி மதிய உணவு இலவசம். 1943இல் சட்டமாகி 1948 முதல் நாடு முழுக்க நடக்கிறது. சைவத் தேர்வும் உண்டு.

யாரும் தாமாக வந்து நண்பராக மாட்டார்கள். விளையாட்டும் பாட்டும் பள்ளியில் அல்ல, ஊர்ச் சங்கங்களில்தான் நடக்கும். சேர்க்கை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடிந்துவிடும். வந்த வாரமே ஹோஸ்ட் குடும்பத்திடம் கேட்டுச் சேருங்கள். பிப்ரவரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நீண்ட கவுனும் கோட்டும் அணிந்து ஆடும் வன்ஹோயென் தன்ஸ்ஸித் என்ற நடன விழா வரும். பல பள்ளிகளில் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். நடன வகுப்புக்கு முன்பதிவு வேண்டும், ஒப்போவிடம் அக்டோபருக்குள் பேசிவிடுங்கள்.

இருட்டும் குளிரும்

பயப்பட வேண்டியது ஜனவரிக் குளிருக்கல்ல, நவம்பர் இருட்டுக்கு. பனி விழுந்தால் வெளிச்சம் கூடும். நவம்பரில் அதுவும் இருக்காது. டிசம்பரில் ஹெல்சிங்கியில் பகல் ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. வடகோடி உத்ஸ்யோக்கியில் ஏறக்குறைய 51 நாள் சூரியன் எழவே எழாது. தூக்கம் கூடுவதும், அழுகை வருவதும், படிப்பு ஏறாததும் அப்போது இயல்பு. பள்ளி இடைவேளையில் தினமும் இருபது நிமிடமாவது பகல் வெளிச்சத்தில் நடங்கள். காலைச் சாப்பாட்டில் பிரகாச விளக்கு வைத்திருக்கும் வீடுகள் உண்டு, அதன் எதிரே உட்காருங்கள். வைட்டமின் டி அளவைப் பள்ளிச் செவிலியரிடம் கேளுங்கள்.

உடை மூன்று அடுக்கு. உள்ளே கம்பளி, நடுவில் ஃபிளீஸ், வெளியே காற்றுப் புகாத கோட்டு. உள்ளே பருத்தி பனியன் கூடாது. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்பைக் குளிரவைக்கும். பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். கம்பளிக் காலுறைக்கும் கொஞ்சம் காற்றுக்கும் இடம் வேண்டும், இறுக்கமான பூட்ஸில்தான் விரல் மரத்துப்போகும். வழுக்குவது மைனஸ் 15இல் அல்ல, பூஜ்யத்தை ஒட்டித்தான், உருகிய நீர் பனிக்கட்டிமேல் படலமாக நிற்கும்போது. குறுகிய அடி வைத்துப் பாதத்தைத் தட்டையாக ஊன்றுங்கள்.

இருட்டில் நடப்பவர் ஒளிபிரதிபலிப்பான் அணிய வேண்டும் என்று சாலைச் சட்டமே சொல்கிறது. கோட்டுப் பையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கட்டும், கார் விளக்கு அங்கேதான் படும். உறைந்த ஏரியில் ஒருவர் நடக்கக் குறைந்தது 5 செ.மீ. உறுதியான பனிக்கட்டி வேண்டும். ஆற்று வாய், பாலத்தடி, நாணல் ஓரம் எப்போதும் மெல்லிசு. வீட்டார் இல்லாமல் இறங்காதீர்கள்.

மொழி

வீட்டில் ஆங்கிலம் ஓடும், ஆனால் சாப்பாட்டு மேசை ஃபின்னிஷில்தான் சிரிக்கும். தமிழ் பேசுபவருக்கு இதில் நல்ல வசதி உண்டு. குறில் நெடிலும் இரட்டிக்கும் ஒற்றும் பொருளை மாற்றும்: துலி நெருப்பு, தூலி காற்று, துல்லி சுங்கம். படம், பாடம், பட்டம் என்று பிரித்துப் பழகிய காதுக்கு இது தொல்லையே இல்லை. வேற்றுமையும் சொல்லின் பின்னேதான் ஒட்டும்: தலொ வீடு, தலொஸ்ஸ வீட்டில், தலொஸ்த வீட்டிலிருந்து. கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஆங்கிலத்தில் பேச வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்காதவரை உதவி என்று நினைத்து அவர்கள் ஆங்கிலத்திலேயே தொடர்வார்கள். மேற்குக் கரையிலோ ஓலந்துத் தீவிலோ குடும்பம் அமைந்தால் வீட்டு மொழி ஸ்வீடிஷாக இருக்கலாம், அதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊருக்கு ஃபோன் பேச, நேர வேறுபாடு கோடையில் இரண்டரை மணி, அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மூன்றரை மணி. வாரத்துக்கு இரண்டு நாள் என்று நேரம் குறித்துக்கொள்வது நல்லது. தினமும் மாலை கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவில் இருந்தால் ஹோஸ்ட் குடும்பத்தோடு கழிக்கக் கிடைக்கும் அந்த மாலை நேரமும் போய்விடும்.

ஒத்துவராவிட்டால்

முதலில் வீட்டிலேயே பேசுங்கள். பொத்தாம்பொதுவாக அல்ல, ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு: "இரவு எட்டு மணிக்கு எனக்குப் பசிக்கிறது, நான் சோறு வைத்துக்கொள்ளலாமா?" இப்படிக் கேட்டால் அன்றைக்கே வழி பிறக்கும். தீராவிட்டால் அமைப்பு உங்களுக்கென்று நியமித்த தொடர்பாளரை அழையுங்கள். அவர் வீட்டாருக்கு எதிரான ஆள் அல்ல, இரு பக்கமும் கேட்பவர். குடும்பம் மாற்றுவதும் நடப்பதுதான், அதில் அவமானம் இல்லை. யாராவது உடலளவில் தொல்லை கொடுத்தாலோ அறைக்குள் பாதுகாப்பு இல்லை என்று தோன்றினாலோ இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். அன்றே தொடர்பாளரிடமோ பள்ளிச் செவிலியரிடமோ ஒப்போவிடமோ சொல்லுங்கள்.

அமைப்பின் விதிகளில் விட்டுக்கொடுப்பு கிடையாது. ஏ.எஃப்.எஸ். மாணவர் வண்டி ஓட்டக்கூடாது, போதைப்பொருள் தொடக்கூடாது, முன்பின் தெரியாதவர் வண்டியில் லிஃப்ட் கேட்டுப் போகக்கூடாது. கிராமத்தில் நண்பன் மொபெட்டையோ ஸ்னோமொபைலையோ நீட்டி "ஒரு சுற்று" என்பான். அந்த ஒரு சுற்று ஊருக்குத் திருப்பி அனுப்பக் காரணமாகிவிடும்.

அவசர எண் 112, காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அது ஒன்றே. '112 சுவோமி' என்ற செயலியை முதல் வாரமே இறக்கி வையுங்கள். அதிலிருந்து அழைத்தால் நீங்கள் நிற்கும் இடம் தானாகவே அவர்களுக்குப் போய்விடும். காட்டு வழியில் ஊர்ப் பெயரை உச்சரிக்கத் தடுமாற வேண்டியிருக்காது.